கருக்காத கண்ணாடி

எங்கள் பிரிவில் அவரைப் பேர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. கண்ணாடி அக்கா. துகள் முடுக்கி ஓடும் சுரங்கத்தில், கேபிள்களை ஒட்டி, சுண்டுவிரல் நகமளவு கண்ணாடித் துண்டுகளைக் கட்டிவைப்பது அக்காவின் வேலை. வருடத்துக்கு ஒருமுறை எந்திரத்தை நிறுத்தும்போது அவிழ்த்து வந்து ஊதா விளக்கில் வைத்தால், வாங்கிய கதிர்வீச்சுக்குத் தக்கபடி ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். அளவுக்கு மீறி வாங்கியது கருத்தே போய்விடும். எவ்வளவு கருத்தது என்பதிலிருந்து, பக்கத்துக் கேபிளின் உறை எவ்வளவு கெட்டிருக்கும் என்று கணக்கிட வேண்டியதுதான். எந்திரம் ஓடும்போது உள்ளே நின்று அளந்துவிட்டு உயிரோடு வந்து சொல்ல ஆள் கிடைக்காது.

அக்காவுக்கு ஒரு கெட்ட பழக்கம், அந்தத் துண்டுகளைப் பெற்ற பிள்ளைகள் மாதிரிப் பேசுவார். ஒரு வருடம் சுரங்கத்தின் வளைவில் கட்டியவை தேயிலைச் சாயம் போல வந்தன. பாவம், எல்லாம் கருகிப் போச்சு என்று வீட்டில் புலம்பியிருக்கிறார். வீட்டுக்காரருக்கு அதே சுரங்கத்தில் கதிர்வீச்சைத் தடுக்க ஈயக்கட்டி அடுக்கும் வேலை. வாயைத் திறந்து ஆறுதல் சொல்கிற ஆள் இல்லை.

அடுத்த வருடம் வளைவுக் கண்ணாடி பளிச்சென்று வந்தது. பொறியாளருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அங்கிருக்கும் கேபிள்களை இன்னொரு வருடம் அப்படியே விடலாம் என்றார். அக்கா திரும்பத் திரும்ப அளந்தார். விடை மாறவில்லை.

அன்று சாப்பிடும்போது வீட்டுக்காரர் கேட்டார்: "இந்தத் தடவை கருகலையில்ல?"

அந்த முகத்திலிருந்த பெருமையைப் பார்த்ததும் அக்காவுக்குச் சந்தேகம் தட்டியது. துருவிக் கேட்டதில் விஷயம் வந்தது. சுரங்கத்தை மூடுமுன் வளைவில் ஒவ்வொரு கண்ணாடியையும் சுற்றி ஈயக்கட்டி வைத்திருக்கிறார். திறந்ததும் முதல் ஆளாகப் போய் எடுத்துவிட்டிருக்கிறார். வெயிலை அளக்க வைத்ததற்குக் குடை பிடித்த கதை. கல்யாணமான நாளிலிருந்து மனைவிக்காக அவர் யோசித்துச் செய்த ஒரே காரியம் இதுதான். சொன்னால் அவருடைய சுரங்க வேலை போகும். சொல்லாவிட்டால் எந்திரம் ஓடும்போது கேபிள் தீப்பிடிக்கும்.

"நாளைக்கு ஆபீஸ்ல சொல்லிடுவேன்."

"என் பேரு வராம சொல்ல முடியாதா?"

"முடியாதுங்க. ஈயம் தானா நடந்து போகாது."

சொன்னார். கேபிளை வளைத்துப் பார்த்தார்கள். உறை சருகாக நொறுங்கியது. எல்லாவற்றையும் மாற்றினார்கள். வீட்டுக்காரரையும் மாற்றினார்கள், கிடங்குக்கு. அதோடு வீட்டில் பேச்சுவார்த்தை நின்றது. அக்காவின் கைப்பக்கம் இருக்கும் உப்பை மனிதர் மகளிடம் கேட்பாராம். அவர்மேல் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்காவுக்கு வரவில்லை, வருத்தம்தான்.

அடுத்த நிறுத்தத்தில் வளைவுக் கண்ணாடி நன்றாகக் கருத்து வந்தது. அளந்து முடித்து, வெளியே எடுத்துப்போகலாம் என்று பாதுகாப்புப் பிரிவு சோதித்துச் சொன்ன பிறகு, அக்கா ஒரு துண்டோடு சாப்பாட்டு வேளையில் கிடங்குக்குப் போனார். வேடிக்கை பார்க்க நானும் போனேன். வீட்டுக்காரர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"பாவம்" என்றார்.

"பாவம்தான். அது வேலையே அதுதானே. நீங்க எனக்காகத்தான் செஞ்சீங்க, எனக்குத் தெரியும்."

அவர் கண்ணாடியை மேசைமேல் வைத்துவிட்டு டப்பாவைத் திறந்து ஒரு வாய் சாப்பிட்டார். பிறகு, "உப்பு இருக்கா?" என்று அக்காவிடம் கேட்டார்.

மகள் அங்கே இல்லை, அதனால்தான் கேட்டார் என்று எங்கள் பிரிவில் சொல்கிறார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். என்னிடம் கேட்டிருக்கலாம்.