முத்துக்கனியின் இரட்டைத் தோணி

1931 ஆடியில் குழித்துறை ஆறு கரை மீறியது. தேங்காய்ப்பட்டணத்துக்குக் கொஞ்சம் மேலே, ஆற்றின் நடுவில் துருத்து என்று சொல்லும் மணல்திட்டில் மூன்று குடும்பங்கள் மாட்டிக்கொண்டன. ஆட்களை அக்கரை சேர்க்கும் கடத்து வள்ளத்தை வெள்ளம் முந்தின நாளே அடித்துக்கொண்டு போயிருந்தது. கட்டுமரம் கேட்டுக் கடற்கரைக்கு ஆட்கள் போனார்கள். இந்த நீரொழுக்கை எதிர்த்துக் கட்டுமரம் ஏறாது என்று மீனவர்கள் வருத்தத்தோடு சொல்லி அனுப்பினார்கள்.

கரையில் நின்ற கூட்டத்தில் முத்துக்கனியும் இருந்தாள். தேங்காய் நாரைத் திரித்துக் கயிறு முறுக்குகிறவள். கணவனை இழந்தவள். யோசிப்பதற்கு முன்பே கை முந்திவிடும் என்று ஊரில் அவளைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. துருத்தில் கைக்குழந்தையோடு நின்ற சத்தியபாய், தினமும் அவளோடு கயிறு முறுக்குகிற கூட்டாளி. அவளைப் பார்க்கப் பார்க்க முத்துக்கனிக்கு இருப்புக்கொள்ளவில்லை.

பக்கத்து வாழை விளையில் இரண்டு பனந்தோணிகள் கிடந்தன. பனைத்தடியைப் பிளந்து, உள்ளே சோறு போல மெத்தென்று இருக்கும் பகுதியைத் தோண்டி எடுத்து, வாழைக்கு நீர் பாய்ச்ச வைத்திருந்தவை. அவள் ஓடிப்போய் ஒன்றைப் புரட்டினாள். பனையேறும் தொழில் செய்கிற கணவனின் தம்பி ஞானசிங்கையும் கூப்பிட்டாள்.

“மைனி, இது மறிஞ்சிரும்” என்றான் அவன்.

“ஒண்ணுண்ணா மறியும். ரெண்டையும் சேத்துக் கெட்டினா எப்பிடி மறியும்? நீ மூங்கில வெட்டு.”

அதற்குப் பிறகு யாரும் சும்மா நிற்கவில்லை. தோணிகளை ஒரு முழம் இடைவெளி விட்டுப் பக்கம் பக்கமாகக் கிடத்தினார்கள். குறுக்கே மூங்கில் வைத்துக் கயிற்றால் இறுக்கினார்கள். திறந்திருந்த முனைகளில் பலகைத் துண்டைச் செருகி, சந்துகளில் நாரும் களிமண்ணும் திணித்தார்கள். ஆணி ஒன்றுகூட அடிக்கவில்லை. அப்போது உலை வைத்தவர்கள் கஞ்சி குடித்து முடிப்பதற்குள் படகு தயாராகிவிட்டது.

முத்துக்கனி தன் வீட்டில் இருந்த கயிற்றையெல்லாம் முடிந்து நீளமாக்கி, ஒரு முனையை மேலாற்றுக் கரையில் நின்ற புளியமரத்தில் கட்டச் சொன்னாள். மறுமுனை படகில். படகு தள்ள மூங்கில் கழையை எடுத்துக்கொண்டு அவளே ஏறினாள். படகைச் சரித்துப் பிடித்தால் ஒழுக்கே துருத்துக்குத் தள்ளிவிடும் என்பது அவள் கணக்கு. முதல் தடவை அது சுழன்றது. ஒரு முனையின் களிமண் பெயர்ந்து தண்ணீர் புகுந்தது. கயிற்றைப் பிடித்து இழுத்துக் கரை சேர்த்தார்கள். அவள் நனைந்த சேலையோடு இன்னும் கொஞ்சம் நாரை அடித்துச் செருகிவிட்டு மறுபடியும் ஏறினாள். இந்த முறை படகு வில்போல் வளைந்து போய்த் துருத்தில் முட்டியது.

சத்தியபாய் தயங்கினாள். “இது வாழைக்கு வெள்ளம் பாய்ச்சுத தோணில்லா?”

“ஆமா. இன்னைக்கு ஒன்னப் பாய்ச்சப் போறேன். ஏறுட்டி.”

பயத்திலும் சத்தியபாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. குழந்தையும் அவளும் முதலில் வந்தார்கள். பிறகு கிழவர்கள், பெண்கள், ஆண்கள், கடைசியில் ஆடுகள். இருட்டுவதற்குள் துருத்து காலியாகிவிட்டது. கடைசி ஆட்டை இறக்கிய பிறகும் முத்துக்கனி கழையைக் கீழே வைக்கவில்லை. இன்னொரு தடவை போய்வரலாமா என்றே அவளுக்கு இருந்தது.

புது வள்ளம் வரப் பல மாதம் ஆயிற்று. அதுவரை கருங்கல் ஊர்ச் சந்தைக்குப் போகிறவர்கள் அவள் கட்டிய தோணிகளில்தான் ஆற்றைக் கடந்தார்கள். காற்றில் ஒரு பனை விழுந்தால் போதும், அவளைக் கூப்பிட ஆள் வந்துவிடும்.

மார்கழியில் அவளும் சத்தியபாயும் ஆறு கடலில் சேரும் பொழிமுகம்வரை தோணியில் போய், கடலுக்குள் இறங்கிப் பார்த்தார்கள். முதல் அலையே புரட்டிப் போட்டது. கரையில் நின்ற மீனவர்கள் சிரித்துக்கொண்டே தூக்கிவிட்டார்கள். முத்துக்கனி உப்புத் தண்ணீரைத் துப்பிவிட்டு, இடைவெளி போதாது என்றாள். அடுத்த தோணியை அகலமாகக் கட்டினாள். அது முதல் அலையை ஏறித் தாண்டியபோது, கரையில் சிரித்தவர்களே துண்டை வீசிக் கூவினார்கள்.