சந்தியாகு பெயரில் ஒரு பூசை

எங்கள் வீட்டில் எனக்கு முந்திரிக்கொட்டை என்று பெயர். கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லிவிடுவேன். பதில் சரியா தப்பா என்பதெல்லாம் இரண்டாம்பட்சம். பத்து வயதில் அந்தக் குணம் ஒருநாள் கோயிலையே ஸ்தம்பிக்க வைத்தது. கோயில் என்றால் மாதா கோயில். கத்தோலிக்கர்களான நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. புக்கிட் மேராவில் ஓரறை வீட்டில் இருந்தோம். அப்பாவுக்கு ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. அதற்கு முன்பு துறைமுகத்தில் இருந்தாராம். அந்தப் பேச்சை வீட்டில் யாரும் எடுப்பதில்லை. வருடத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் அப்பா விடியற்காலையிலேயே சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, தேக்கா சந்தைக்குப் பக்கத்திலிருந்த எங்கள் கோயிலுக்குத் தனியாகப் போய்ப் பூசை பார்த்துவிட்டு வேலைக்குப் போவார். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கே அம்மா தட்டி எழுப்ப வேண்டிய மனிதர், வேலைநாளில் இப்படிக் கிளம்பினால் பிள்ளைகள் கவனிக்காமல் இருப்பார்களா? அம்மாவிடம் கேட்டேன். அப்பாவின் சிநேகிதர் ஒருவருக்காகப் பூசை வைக்கிறார் என்றதோடு நிறுத்திக்கொண்டாள்.

அந்த வருடம் அந்த நாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. சனிக்கிழமை அப்பாவுக்குப் பகல் ஷிப்ட். பூசைக்குக் கொடுக்க வேண்டிய உறையை இரண்டு நாளாகச் சட்டைப்பையில் வைத்திருந்தார். நடுவில் ஒருமுறை அலமாரியில் வைத்துப் பூட்டினார், பிறகு எடுத்தார். கடைசியில் என்னிடம் கொடுத்து, ஞானோபதேச வகுப்பு முடிந்ததும் கோயில் அலுவலகத்தில் சேர்த்துவிடச் சொன்னார்.

"யார் கொடுத்தாங்கன்னு சொல்ல வேணாம். பேரை மட்டும் படிச்சாப் போதும்."

உறையின்மேல் சந்தியாகு என்று மட்டும் எழுதியிருந்தது.

அலுவலகத்தில் இருந்த அக்கா நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார். "இறந்தவருக்கா, உயிரோட இருக்கிறவருக்கா? சீக்கிரம் சொல்லு லா."

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியும் பழக்கமில்லை. தாத்தாவுக்கு வருடாவருடம் ஒரே தேதியில் பூசை வைக்கிறோம், அது அவர் இறந்த தேதி. ஆகவே வருடம் தவறாமல் ஒரே நாளில் நினைக்கப்படுகிறவர் செத்துப்போனவராகத்தான் இருக்க வேண்டும். இறந்தவருக்குத்தான் என்றேன். அதோடு விட்டேனா? அவர் செத்து ரொம்ப வருஷம் ஆச்சு என்றும் சேர்த்துச் சொன்னேன். அக்கா எழுதிக்கொண்டார்.

மறுநாள் பூசை தொடங்கும்போது ஃபாதர் தாளைப் பார்த்துப் படித்தார். மரித்த சந்தியாகு அவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காக இந்தப் பூசை ஒப்புக்கொடுக்கப்படுகிறது என்றார். அப்போதெல்லாம் எங்கள் கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பெண்கள் பக்கத்தில் முன்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"எப்போ ஃபாதர்? எனக்கு யாரும் சொல்லலையே."

எங்கள் பள்ளி கேன்டீனில் மீ கோரிங் நூடுல்ஸ் விற்கும் ஆன்ட்டி அவர். அவரும் அம்மாவும் எதிரெதிரே வந்தால் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு போவார்கள் என்பது மட்டும் எனக்குத் தெரியும். ஆன்ட்டி அழவில்லை. முன்னாலிருந்த பெஞ்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பதிலுக்காக ஃபாதரையே பார்த்துக்கொண்டு நின்றார். ஃபாதர் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றுமில்லை.

அப்பா எழுந்தார். அத்தனை பேர் பார்க்க, நடுப்பாதையைத் தாண்டிப் பெண்கள் பக்கம் போனார்.

"இல்ல அண்ணி. அண்ணன் உயிரோடதான் இருக்காரு. பூசைக்குக் கொடுத்தது நான்தான். எங்கேயோ தப்பு நடந்துபோச்சு."

எங்கே நடந்தது என்று எனக்கல்லவா தெரியும். ஆன்ட்டி அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். சந்தியாகுவின் நலனுக்காக என்று ஃபாதர் திருத்திப் படித்தார். பூசை நடந்தது. ஒரு செபம்கூட என் காதில் விழவில்லை.

பூசை முடிந்து வெளியே வந்ததும், யாரும் கேட்காமலே எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டேன். ஆன்ட்டி என்னைத் திட்டவில்லை. அப்பாவைப் பார்த்துத்தான் பேசினார்.

"போன வாரம்தான் போய்ப் பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நல்லாத்தான் உட்கார்ந்திருந்தாரு. இருந்தாலும் உள்ள இருக்கிற ஆளு, என்ன வேணாலும் நடக்கலாமில்ல. அதான் பயந்துட்டேன்."

அப்பா தலையைக் குனிந்தபடி, வருடாவருடம் இதே நாளில் பூசைக்குக் கொடுப்பதாகச் சொன்னார்.

"நீங்க கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டீங்கன்னு எனக்குத்தான் கோவம், தம்பி. அவருக்கு இல்ல. ஒவ்வொரு தடவையும் கேப்பாரு, அவன் பிள்ளை நல்லா இருக்கான்னு." ஆன்ட்டி என் பக்கம் திரும்பினார். "இதானே அப்ப வயித்துல இருந்துச்சு?"

அப்பா ஆமாம் என்று தலையாட்டினார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

எனக்கு இருபது வயதான பிறகுதான் அம்மா எல்லாவற்றையும் சொன்னாள். அந்தத் தேதி துறைமுகத்தில் வேலைநிறுத்தம் தொடங்கிய நாள். காரணம் சொல்லாமல் வேலையைவிட்டு நீக்கப்பட்டவர்களைத் திரும்ப எடுக்கச் சொல்லி நின்றார்கள். அன்றைக்கே போலீஸ் பிடித்துக்கொண்டு போனவர்களில் அப்பாவும் அவர் அண்ணன் என்று கூப்பிட்ட சந்தியாகுவும் இருந்தார்கள். வழக்கும் இல்லை, இத்தனை வருடம் என்ற கணக்கும் இல்லை. செய்தது தப்பு, இனிச் செய்யமாட்டேன் என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் வீட்டுக்குப் போகலாம். அம்மாவுக்கு அப்போது ஏழு மாதம். அப்பா போட்டார். சந்தியாகு போடவில்லை. நான் உயர்நிலைப் பள்ளியை முடித்த பிறகுதான் அவர் வெளியே வந்தார். அவரை நேரில் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கூச்சமாக இருக்கும். அப்பாமேல் மட்டும் ஒருநாளும் எனக்குக் கோபம் வந்ததில்லை.

பத்து வயதில் இதெல்லாம் எங்கே தெரிந்தது? என் ரிப்போர்ட் புக்கில் அப்பா அழகாகக் கையெழுத்துப் போடுவார். அதற்குப் போய் ஒருவர் கோபப்படுவாரா என்றுதான் அன்று நினைத்தேன்.

பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போது அப்பா என் தோளில் கை வைத்து, "உன்மேல ஒரு தப்பும் இல்லம்மா" என்றார். அடி நிச்சயம் என்று வந்துகொண்டிருந்த எனக்குப் போன உயிர் திரும்பியது. பஸ்ஸில் உட்கார்ந்ததும் மறுபடி அதையே சொன்னார். எங்கள் புளோக்கின் மாடிப்படி ஏறும்போது நின்று, இன்னொரு முறையும் சொன்னார். எனக்கு முதல் தடவை சொன்னதே போதுமாக இருந்தது. எதற்கு இத்தனை தடவை சொல்கிறார் என்றுதான் விளங்கவில்லை.