முப்பிடாதி எங்கே வசித்தாள்

செங்கோட்டையில் பிறந்த முப்பிடாதியை மேலகரத்து இசக்கியப்பனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவனுக்குக் கொழும்பில் மளிகைக்கடை. கல்யாணம் முடிந்த மறுமாதமே தனுஷ்கோடியில் கப்பலேறிப் போய், கொட்டாஞ்சேனையில் கடைக்குப் பின்னாலிருந்த ஒற்றை அறையில் குடித்தனம் தொடங்கினாள். சிங்களத்தில் விலை பேசப் பழகினாள், பிறகு சண்டை போடவும் பழகினாள். ஊருக்கு வந்தால் அவளைக் கொழும்புக்காரி என்றார்கள். கொழும்பில் இந்தியாக்காரி. இரண்டுமே அவளை உறுத்தியதில்லை. புருஷன் இருக்கிற இடத்தில் தானும் இருக்கிறாள் என்பதற்கு மேல் அதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

நாற்பத்திரண்டாம் வருஷம் பங்குனியில் ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டான். துறைமுகத்துப் பக்கம் புகை எழுவதைக் கடைவாசலில் நின்று பார்த்தாள். அப்போது அவள் வயிற்றில் பிள்ளை. இசக்கியப்பன் அந்த வாரமே ஊர்க்காரர்கள் சிலரோடு அவளைத் தலைமன்னாருக்கு ரயிலேற்றிவிட்டான்.

“சண்டை ஓயட்டும். நானே வந்து கூட்டிட்டுப் போவேன்” என்றான்.

மேலகரத்தில் பெண்குழந்தை பிறந்தது. கோமதி என்று பெயர் வைத்தார்கள். நடக்கத் தொடங்கி, வாசல்படியைத் தானாக இறங்கப் பழகியிருந்த சமயத்தில் ஒரு காய்ச்சல் வந்து அதைக் கொண்டுபோயிற்று. தகப்பன் அதன் முகத்தைப் பார்க்கவே இல்லை. சண்டை ஓய்ந்தபோது மாமியாருக்கு ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துவிட்டன. பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லாததால் முப்பிடாதி தங்கிவிட்டாள். இசக்கியப்பன் வந்து வந்து போனான்.

நாற்பத்தொன்பதாம் வருஷம் ஆடியில் மாமியார் இறந்தாள். காரியத்துக்கு வந்த இசக்கியப்பன் தாயை நினைத்து அழுததைவிட எதையோ யோசித்துக்கொண்டிருந்ததுதான் அதிகம். உறவுக்காரர்கள் கலைந்துபோன பிறகு சொன்னான்.

“சிலோன்ல புதுச் சட்டம் வந்திருக்கு. நம்ம ஆளுக அங்கன பிரஜையாகணும்னா மனு போடணுமாம். ஆகலைன்னா கடை நெலைக்குமான்னு தெரியல.”

“போட வேண்டியதுதான?”

“நான் இருந்தா மட்டும் போதாதாம். பெண்டாட்டியும் அங்கனயே இருந்திருக்கணுமாம். விடாம.”

“நான் இருந்தேம்லா.”

“நடுவுல இங்கன வந்துட்டியே.”

“நீங்கதான அனுப்பி வச்சிய?”

மறுநாள் இருவரும் தென்காசிக்கு வக்கீல் காந்திமதிநாதனைப் பார்க்கப் போனார்கள். அவரிடமும் சட்டப் புத்தகம் வந்திருக்கவில்லை. பத்திரிகையில் வந்த செய்தியை வைத்துக்கொண்டு விசாரித்தார்.

“நீ எங்கம்மா பெறந்தே?”

“செங்கோட்டையில.”

“அது திருவிதாங்கூராச்சே. இப்ப கொச்சியோட சேத்து வேற பேரு வச்சிட்டாங்க. அப்ப பிரிட்டிஷ் இந்தியாவுல நீ பெறக்கல.”

“மேலகரம் பிரிட்டிஷா?”

“நீ வாக்கப்பட்டு வரும்போது பிரிட்டிஷ். இப்ப இல்ல.”

முப்பிடாதி புருஷனைப் பார்த்தாள். அவனும் அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தான். தான் ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு வாக்கப்பட்டு வந்ததாகத்தான் இதுவரை நினைத்திருந்தாள். எல்லை தாண்டி எல்லை தாண்டி வந்திருக்கிறாள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

“ஊருக்கு வந்து போனா தப்பில்லேங்கான் சிலோன்காரன்” என்றார் வக்கீல். “ஒரு வருஷத்துக்குள்ள திரும்பியிருக்கணும். நீ எத்தனை நாள் இருந்தே?”

இசக்கியப்பன் முந்திக்கொண்டான். “பிரசவத்துக்கு வந்தா, ஐயா. அப்புறம் அப்பப்ப வந்து போனான்னு எழுதிருவோம்.”

“எழுதலாம். சத்தியம் பண்ணப்போறது உம்ம சம்சாரம். யோசிச்சுச் சொல்லுங்க.”

முப்பிடாதிக்குக் கடையின் நினைவு வந்தது. அதை அவன் எப்படி உண்டாக்கினான் என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பொய்யைச் சொல்லிவிடலாம் என்றே இருந்தது. வாயைத் திறந்தபோது வேறென்னவோ வந்தது.

“கொழும்புலயே இருந்தேன்னா, கோமதி எங்கன நடந்து பழகுனா?”

“மனுவுல உயிரோட இருக்க பிள்ளையத்தாம்ட்டி கேக்கான்” என்றான் இசக்கியப்பன் மெதுவாக. “அவளை எழுதவே வேண்டாம்.”

நாளைக்கு வருகிறோம் என்று எழுந்து வந்தார்கள். திரும்பி நடக்கையில் சாரல் பிடித்துக்கொண்டது. சிற்றாறு கலங்கி ஓடியது. பாலத்தருகே வந்ததும் அவன் நின்றான்.

“அவளை எங்கன வச்சிருக்கு?”

இத்தனை தடவை வந்து போயும் பிள்ளையைப் புதைத்த இடத்தை அவன் கேட்டதில்லை. அவள் கரையோரமாகக் கூட்டிப் போனாள். ஒரு நொச்சிப் புதரை அடையாளம் வைத்திருந்தாள். அது இல்லை. வருஷா வருஷம் வந்த வெள்ளம் கரையை அரித்து வேறு இடத்தில் மணலைக் கொட்டியிருந்தது. மாமியார் படுத்த பிறகு இந்தப் பக்கம் வரவே முடியாமல் போயிருந்தது. அங்கே போய் நின்றாள், இங்கே வந்து நின்றாள்.

“இங்கனதான். இல்ல, அந்தா அங்கன. எனக்குத் தெரியலயே.”

அவள் காட்டிய இரண்டு இடத்துக்கும் போய், இரண்டு இடத்திலும் கொஞ்ச நேரம் நின்றான்.

அன்று முழுக்க யோசித்து, மறுநாள் பொய் சொல்லிவிடுவது என்று முப்பிடாதி தீர்மானித்திருந்தாள். இடமே தெரியாதவளுக்கு என்ன வீம்பு என்று தோன்றிவிட்டது. வக்கீல் முன்னால் அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிப்பதற்குள் இசக்கியப்பன் சொன்னான்:

“நடந்தது நடந்தபடியே எழுதுங்க, ஐயா. பிள்ளை பெறந்தது, போனது, எல்லாம்.”

ஏன் மாறினான் என்று அவன் சொல்லவில்லை. அவளும் தான் எதைச் சொல்ல வந்தாள் என்று சொல்லவில்லை.

இருவரும் சேர்ந்தே கப்பலேறினார்கள். விசாரணைக்குக் கூப்பிட வருஷங்கள் ஆயின. அதிகாரி சிங்களத்தில் கேட்டதை ஒருவர் தமிழில் சொன்னார். முப்பிடாதிக்கு முதலிலேயே புரிந்திருந்தும் தமிழில் வரும்வரை காத்திருந்து பதில் சொன்னாள். சண்டைக்குப் பயந்து போனேன், மாமியாருக்காக இருந்தேன் என்றாள். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். மனைவி தொடர்ந்து வசிக்கவில்லை என்று மனு தள்ளுபடியாயிற்று.

கடையை விற்றுவிட்டு வந்து பாவூர்சத்திரம் சந்தைக்கு எதிரில் சின்னதாக ஒரு மளிகைக்கடை போட்டார்கள். ஒருநாள் மிளகாய் வற்றலை நிறுத்துக்கொண்டே அவள் கேட்டாள்.

“அன்னைக்குப் பொய் சொல்லியிருந்தா கெடைச்சிருக்குமா?”

“தெரியல” என்றான். “பொய் சொன்னவனுக்கும் கெடைக்கல. நெசத்தைச் சொன்ன ரெண்டு பேருக்குக் கெடைச்சிருக்கு. என்ன கணக்குன்னு ஒருத்தனுக்கும் தெரியல.”

வாசலில் வெல்லம் கேட்டு ஆள் வந்து நின்றது. அவன் எழுந்து போனான். அவள் தராசுத் தட்டில் இன்னும் இரண்டு வற்றலைப் போட்டாள்.