கடலில் இறங்கும் பிரேக்

எங்கள் சின்னப் படகை ஏற்றி இழுக்கும் டிரெய்லருக்கு பிரேக் கிடையாது. பாலிக் பூலா ஊருக்கு இறங்கும் மலைச்சாலையில் ஒரு வளைவில் கார் பிரேக்கை மிதித்தேன். பின்னால் இருந்த படகு காரை எதிர்ப் பக்கத்துக்கே தள்ளிவிட்டது. எதிரே யாரும் வராததால் தப்பித்தோம். பக்கத்தில் இருந்த என் மனைவி இனி வரமாட்டேன் என்றுவிட்டாள். அதன் பிறகு நான்கு ஞாயிறு நான் தனியாகத்தான் மீன் பிடிக்கப் போனேன். தனியாகப் போனதில் எனக்குக் கடல் பிடிக்கவே இல்லை.

பிரேக் வாங்க ஜெலுத்தோங்கில் ஒரு கடைக்குப் போனோம். அவள் காரிலேயே இருந்துகொண்டாள். கடைத் தம்பி அரை மணி நேரம் விளக்கினார். ஒரு வகை, காரிலிருந்து கம்பி வழியாக வரும் மின்சாரத்தில் பிடிக்கும். இன்னொன்றுக்குக் கம்பி வேண்டாம். கார் வேகம் குறைந்தால் டிரெய்லர் முன்னால் தள்ளுமல்லவா, அந்தத் தள்ளலே எண்ணெயை அழுத்திச் சக்கரத்தைப் பிடிக்க வைக்கும். நான் ஆறாம் ஆண்டோடு படிப்பை நிறுத்தியவன். அவர் நீட்டிய ஆங்கிலத் தாளில் படங்களை மட்டும் பார்த்தேன். புரியாத இடத்திலும் தலையாட்டினேன். நடுவில் கோப்பி வேறு வாங்கிக் கொடுத்தார். குடித்துவிட்டு எப்படி மறுப்பது? அவர் நல்லது என்று சொன்ன மின்சார பிரேக்குக்கே சரி என்றேன்.

நேரமாகிறதே என்று அவள் உள்ளே வந்தாள். எதை எடுத்தேன் என்று என்னிடம் கேட்டுவிட்டு, கடைத் தம்பியிடம் திரும்பினாள்.

"தம்பி, படகை இறக்கும்போது சக்கரமும் உப்புத் தண்ணியில முங்குமே. இந்தக் கம்பியெல்லாம் தாங்குமா?"

"படகா? அண்ணே, சாமான் ஏத்துற டிரெய்லருன்னுல்ல நெனைச்சேன். நீங்க சொல்லவே இல்லையே லா."

"இவரு வாயில பூட்டு தம்பி. சாவி எங்கிட்டதான் இருக்கு."

எனக்குக் காது சூடாகிவிட்டது. அவர் சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் மாற்றினார். எண்ணெய் பிரேக்தான், அதிலும் சக்கரத் தட்டு மூடாமல் திறந்திருக்கும் வகை. மூடிய வகையில் மணலும் உப்பும் உள்ளேயே தங்கிவிடுமாம். இதை ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவிவிட்டால் போதும் என்றார்.

பிரேக் மாட்டிய அடுத்த ஞாயிறு, முதலில் நான் மட்டும் ஓட்டிப் பார்க்கிறேன், வர வேண்டாம் என்றுதான் அவளிடம் சொன்னேன். வந்து ஏறிக்கொண்டாள். அதே வளைவில் மெதுவாக மிதித்தேன். பின்னாலிருந்து லேசான ஓர் இழுப்பு. கார் தன் பக்கத்திலேயே போனது. அவள் திரும்பிப் பின் கண்ணாடி வழியாகப் படகைப் பார்த்தாள்.

"இன்னொரு வாட்டி பிடிங்க, பாப்போம்."

அடுத்த வளைவில் மறுபடி மிதித்தேன். இந்த முறை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தூண்டிலில் மாட்ட இறால் வாங்கிப் போகலாமா, மீன் அதற்குத்தான் வரும் என்றாள்.