சாமி மேடையில் அப்பா

ஜொகூர் பாருவில் நாங்கள் குடியிருந்த வீட்டின் முன்னறையில் உயரமான பிளக் பாயிண்ட் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, சாமி மேடைக்குப் பக்கத்தில். கைப்பேசி வழியாக வீட்டைப் பார்க்கவும் பேசவும் ஒரு கேமரா வாங்கி வந்த அன்று நான் வேறு யோசனையே இல்லாமல் அதை அங்கேயே வைத்தேன். சாமி படங்கள், அவற்றை ஒட்டி என் இறந்துபோன அப்பாவின் படம், அந்தப் படத்தின் முன்னால் ஒரு சின்னச் சிவப்பு பல்பு, அதற்கடுத்து கேமரா. கேமராவிலும் ஒரு சிவப்புப் புள்ளி எரியும்.

மகளுக்கு அப்போது பத்து மாதம். நான் சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தேன். இரு நாட்டையும் இணைக்கும் பாலத்தில் மோட்டார் சைக்கிள் கூட்டம் சேர்வதற்குள் கடந்துவிட வேண்டும், அதனால் அவள் விழிப்பதற்கு முன்பே கிளம்பிவிடுவேன். திரும்பி வரும்போது அவள் தூங்கியிருப்பாள். ஞாயிறு ஒருநாள் வீட்டில் இருப்பேன், அதிலும் பாதி நாளைத் தூங்கியே தொலைப்பேன். மற்றபடி பிள்ளை வளர்த்ததெல்லாம் கைப்பேசியில்தான்.

அவள் முதல் அடி வைத்ததை மதியச் சாப்பாட்டு நேரத்தில் பார்த்தேன். “பாப்பா, அப்பாகிட்ட வா” என்று கைப்பேசியில் கூப்பிட்டேன். சோபாவைப் பிடித்திருந்த கையை விட்டுவிட்டு, என் குரல் வந்த சாமி மேடையைப் பார்த்து நாலு எட்டு நடந்தாள். நான் கேன்டீனில் எழுந்து நின்று கத்தினேன். எனக்கு நாலு நம்பர் லாட்டரி அடித்துவிட்டது என்று எதிரே இருந்தவர்கள் நினைத்தார்கள். நான் அவ்வளவு சந்தோஷப்பட்டு அதுவரை யாரும் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டாள். சாயங்காலம் என் மனைவி விளக்கேற்றி “சாமி கும்பிடு” என்றால் கைகளைச் சேர்ப்பாள். சாமிக்கு ஒரு கும்பிடு, தாத்தா படத்துக்கு ஒரு கும்பிடு. பிறகு அப்படியே நகர்ந்து கேமராவுக்கு நேரே வந்து, அண்ணாந்து பார்த்து, “அப்பா” என்று ஒரு கும்பிடு.

“பாத்தீங்களா, உங்களுக்கும் பூசை லா” என்று மனைவி சிரித்தாள். நான் உருகிப்போனேன். கிடங்கில் ஒருவர் விடாமல் எல்லோரிடமும் அந்தப் பதிவைக் காட்டினேன். மடையன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் பின்னால், கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்து “பாப்பா” என்று கூப்பிட்டேன். அவள் மேடையைப் பார்த்தாள். மறுபடியும் கூப்பிட்டேன். மேடையைப் பார்த்தே “அப்பா” என்று பதில் சொன்னாள். நான் முன்னால் போய் நின்றதும் ஓடி அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “புள்ளைக்கு அப்பன் யாருன்னு சொல்லிக் குடுக்கலையா நீ?” என்று மனைவியிடம் எரிந்து விழுந்தேன்.

“தினமும் அப்பா எங்கேன்னு கேக்குறா. நான் எதைங்க காட்டுறது? அங்கதான் காட்ட முடியுது” என்றாள் அவள். குரல் உயரவில்லை.

நான் அண்ணாந்து பார்த்தேன். இரண்டு சிவப்பு விளக்குகள் பக்கம் பக்கமாக எரிந்துகொண்டிருந்தன. தாத்தா எங்கே என்று கேட்டால் இந்த விளக்கு, அப்பா எங்கே என்று கேட்டால் அந்த விளக்கு. என் மகள் என்னை எந்த வரிசையில் வைத்திருக்கிறாள் என்று அப்போதுதான் உறைத்தது. ஆனாலும் நான் கேமராவைக் கழற்றவில்லை. அதுவும் போனால் எனக்கு அவள் ஏது?

அடுத்த வெள்ளிக்கிழமை மதியம் கைப்பேசியைத் திறந்தேன். திரை முழுக்க அவள் முகம். அவ்வளவு பக்கத்தில் நான் அந்த முகத்தைப் பார்த்ததே இல்லை, மூச்சுக்கூடக் கேட்டது. நாற்காலி மேல் ஏறக் கற்றுக்கொண்டுவிட்டாள்! ஒரு நொடி பூரித்துப்போனேன், மறுநொடி விழுந்துவிடுவாளே என்று பதறினேன். கட்டைவிரல் ஒன்று திரையை நோக்கி வந்தது. அவ்வளவுதான், எல்லாம் அடர்ந்த சிவப்பாகிவிட்டது.

“பாப்பா, எறங்கு!” என்று கத்தினேன். என் குரல் அந்த அறையில் மோதி எனக்கே திரும்பக் கேட்டது. சிவப்புக்குள்ளிருந்து, மெதுவாக, “அப்பா” என்று ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

மனைவி போனை எடுக்கவில்லை. அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பாலத்தை எப்படிக் கடந்தேன் என்று இன்றுவரை நினைவில்லை.

வீட்டில் மகள் தரையில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். நான் கூப்பிட்ட நேரத்தில் மழை வந்ததால் மனைவி துணி எடுக்கப் பின்பக்கம் போயிருக்கிறாள், அவளுடைய போன் அறையில் சார்ஜில் கிடந்திருக்கிறது. மேடைக்கு முன்னால் அந்த நாற்காலி. கேமராவின் கண்ணில் அப்பிய குங்குமம். அதன் தலையில், என் அப்பாவின் மாலையிலிருந்து பிய்த்த ஒரு பூ.

“வெள்ளிக்கிழமைன்னா நான் படத்துக்கெல்லாம் பொட்டு வைப்பேன்ல, அதைப் பாத்துக் கத்துக்கிட்டா. கெட்டிக்காரி” என்று சிரிக்க ஆரம்பித்த மனைவி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

கேமராவைப் பிடுங்கி எடுத்தேன். மகள் அழவில்லை. எழுந்து வந்து, அது இருந்த வெற்றிடத்துக்கு நேரே நின்று, கைகளைச் சேர்த்துக்கொண்டு காத்திருந்தாள்.

நான் அவளுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்தேன். “பாப்பா, அப்பா இங்க இருக்கேன்.”

வெற்றிடத்தைப் பார்த்தாள். பிறகு மெல்லத் திரும்பினாள். குரல் வந்த இடத்தைத் தேடிக் கிட்டே வந்து என் முகத்தையே பார்த்தாள். குங்குமக் கறை போகாத கட்டைவிரலை என் கண் மேல் வைத்து, இமை மூடும்படி அழுத்தினாள். நான் மறுபடி கண்ணைத் திறந்தபோது மூன்று எட்டு பின்னால் போய்க் கும்பிட்டபடி நின்றாள்.

ஏதோ பேச வாய் எடுத்தவன் மூடிக்கொண்டேன். என் குரல்தான் அவளிடம் ஏற்கெனவே இருந்ததே. அதனால் இரண்டு கைகளையும் நீட்டினேன். வெகுநேரம் அவற்றையே பார்த்தாள். ஒரு விரலால் தொட்டுவிட்டு வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அப்புறம் வந்து என் சுட்டுவிரலைப் பிடித்தாள், இழுத்துப் பார்த்தாள், ஆட்டிப் பார்த்தாள்.

“கை” என்றாள், அம்மாவைத் திரும்பிப் பார்த்து. “அப்பா… கை.”

அப்பாவுக்குக் கை உண்டு என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.