லட்சுமி மொழிபெயர்க்காத ஒரு மணி நேரம்

காலை எட்டரைக்குச் சிரம்பானிலிருந்து கிளம்பினோம். கோலா சாவாவுக்குக் காரில் அரை மணி நேரம். வழியெல்லாம் பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டங்கள். ஓட்டியவர் லட்சுமி. அங்கே எஸ்டேட்டில் பிறந்தவர், இப்போது சிரம்பானில் ஒரு கிளினிக்கில் வேலை. எனக்காக லீவு போட்டிருந்தார்.

நான் திருநெல்வேலியில் சட்டம் கற்பிக்கிறவள். நிலம் தாயிடமிருந்து மகளுக்குப் போகும், மலேசியாவின் இந்தப் பகுதி மலாய்க் குடும்பங்களின் மரபுச் சட்டத்தைப் படிக்க வந்திருந்தேன். லட்சுமியின் பழைய அண்டைவீட்டுக்காரர் ரொஹானியின் வீட்டில் அன்று குடும்பக் கூட்டம். (பெயர்களை மாற்றியிருக்கிறேன்.) ரொஹானிக்கு மகள் இல்லை, ஒரே மகன். அவருக்குப் பின் வீடும் நிலமும் தங்கை மகளுக்கு. அப்படியானால் மகன் எங்கே போவான்? அதைப் பேசத்தான் குலத்தலைவர் வந்திருந்தார். கூட்டத்தில் உட்காரவும் பதிவு செய்யவும் முன்பே சம்மதம் வாங்கியிருந்தேன்.

தலைவர் மரபை விளக்கியதை லட்சுமி என் காதருகே தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். பிறகு ரொஹானி பேசத் தொடங்கினார். லட்சுமி நிறுத்திவிட்டார்.

“என்ன சொல்றாங்க?”

“இது வீட்டுப் பேச்சு டீச்சர். நான் சொல்ல மாட்டேன்லா.”

“அவங்கதான் சம்மதிச்சாங்களே?”

“நேத்து சம்மதிச்சாங்க. இப்ப நீங்க இருக்கறதே அவங்களுக்கு ஞாபகம் இல்ல. முகத்தப் பாருங்க.”

பார்த்தேன். இவ்வளவு தூரம் வந்ததே இதற்காகத்தானே என்று மனம் முரண்டு பிடித்தது. ஆனாலும் போனை எடுத்துப் பதிவை நிறுத்தினேன். புரியாத மொழிக்கு நடுவே ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

மதியம் மஞ்சள் நிறத் தேங்காய்ப்பால் மீன் குழம்பு, நாக்கில் நெருப்பு. ரொஹானியே பரிமாறினார். பதிவானதை அழித்துவிடட்டுமா என்று லட்சுமி மூலம் கேட்டேன். அவர் யோசித்துச் சொன்னதை லட்சுமி தமிழில் சொன்னார்:

“தலைவர் பேசினது இருக்கட்டுமாம். ரொஹானி அக்கா பேசினத அழிச்சிருங்க. மகன் கடைசி வரைக்கும் இந்த வீட்லயே இருப்பான். அந்தத் தங்கச்சி மகதான் அவன் இருக்கட்டும்னு கேட்டுச்சு. இத எழுதலாமாம்.”

அவர் கண்முன்னாலேயே அழித்தேன். எழுதுவதை அச்சுக்குக் கொடுக்குமுன் தனக்கு மலாயில் சொல்லிக்காட்ட வேண்டும் என்றார். இந்தக் கட்டுரையையும் லட்சுமி சொல்லிக்காட்டிவிட்டார்.

புறப்படும்போது ரொஹானி என் கையைப் பிடித்துக்கொண்டு, எங்கள் வீடு யாருக்குப் போனது என்று கேட்டார்.

“அண்ணனுக்கு.”

“நீங்க ஒண்ணும் சொல்லலியான்னு கேக்கறாங்க,” என்றார் லட்சுமி.

அப்பா போன பிறகு எங்கள் வீட்டில் கூட்டம் எதுவும் நடக்கவில்லை. ரொஹானி மறுபடி கேட்கவில்லை. கையையும் கொஞ்ச நேரம் விடவில்லை.