உடைந்த ஓடுகளைக் காட்டிய நாள்

ஜூலை பதினாறு, புதன்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்து மோட்டார் போட்டேன். ஐந்தே முக்காலுக்கு டீ. பிறகு மேசையில் உட்கார்ந்து முந்தின நாளின் டைரியை எழுதி முடித்தேன். இருபத்திரண்டு வருடமாக இதே வரிசைதான்.

ஆறு நாற்பதுக்குக் காற்று பிடித்தது. பின்பக்கத் தென்னை வேரோடு சாய்ந்து சமையலறைக் கூரைமேல் விழுந்தது. என் மனைவி அப்போது வாசலில் பால் வாங்கிக்கொண்டிருந்தாள். இன்னும் இரண்டு நிமிடம் கழித்து விழுந்திருந்தால் அடுப்பருகே நின்றிருப்பாள்.

வீடு அவள் பெயரில். கடன் வாங்கியபோது எடுத்த இன்சூரன்ஸும் அவள் பெயரில்தான். கம்பெனிக்குப் போன் செய்தேன். பேசிய பெண் இரண்டு விஷயம் சொன்னாள். சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் பக்கத்து ஊர்களைப் பார்க்க வந்திருக்கிறார், நான்கு மணிக்கு நம் வீட்டுக்கும் வருவார். அதுவரை எதையும் அப்புறப்படுத்தக் கூடாது. இரண்டையும் டைரியில் குறித்தேன். முதலாவதை மட்டும் மனைவியிடம் சொல்லிவிட்டு, பாலிசி நகல் வாங்கக் கொழிஞ்சாம்பாறை பேங்குக்கு பஸ் ஏறினேன்.

ஒன்றரைக்குத் திரும்பியபோது முற்றம் பளிச்சென்று இருந்தது. பெருக்கி, சாணம் தெளித்து, கோலமும் போட்டிருந்தாள். ஓட்டுத் துண்டு ஒன்றுகூட இல்லை. அக்கம்பக்கத்தார் மரத்தை வெட்டி வேலியோரம் அடுக்கி, கூரைக்குத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள்.

"என்ன பண்ணி வெச்சிருக்கறே?"

"ஏனுங்க, ஆபீசர் வாராருன்னு நீங்கதானே சொன்னீங்க? வர்ற மனுசன் எங்க கால வெப்பாரு?"

"ஒண்ணையும் தொடக்கூடாதுன்னு சொன்னாங்களே!"

"யாருகிட்டச் சொன்னாங்க?"

டைரியைத் திறந்து காட்டினேன். நிதானமாகப் படித்தாள்.

"இதுகிட்டச் சொல்லியிருக்கறீங்க. எங்கிட்டச் சொல்லலீங்களே."

அப்போதுதான் அவள் வலது கையில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தேன். ஓடு பொறுக்கும்போது உள்ளங்கை கிழிந்திருந்தது. மெதுவாகக் கேட்டாள்: "அப்போ கூரைக்கு ஒண்ணும் தரமாட்டாங்களா? என்னாலயா?"

அந்தப் பணம் வராவிட்டால் மழைக்காலம் முடியும்வரை தார்ப்பாயின் கீழேதான் சமையல். வெந்நீர் வைத்துக் கையைக் கழுவி, புதுத் துணி கட்டினேன்.

சர்வேயர் நான்கு பத்துக்கு வந்தார். பாலக்காட்டுக்காரர். தார்ப்பாயை விலக்கச் சொல்லி முறிந்த சட்டங்களைப் படம் எடுத்தார். பிறகு முற்றத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"ஒடஞ்ச ஓடெல்லாம் எவிடெ, சேட்டா?"

நான் பேசுவதற்குள் மனைவி முன்னால் நடந்தாள். வாசலுக்கு வெளியே பாதையில் பெரிய குழி ஒன்று உண்டு. மழை பெய்தால் பள்ளிக்கூட வேன் அதில் சிக்கும். காலையில் பொறுக்கியது மொத்தத்தையும் அவள் அதில்தான் கொட்டியிருந்தாள்.

"எல்லாம் இங்கதானுங்க கெடக்குது. ஒண்ணும் போகல."

சர்வேயர் குனிந்து, குச்சியால் கிளறி, நாலு பக்கத்திலிருந்தும் படம் எடுத்தார். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"எங்க ரோட்டுக் குழியப் போட்டோப் புடிச்ச மொத ஆபீசர் நீங்கதானுங்க!"

அவரும் சிரித்துவிட்டார். காலையில் யாராவது படம் எடுத்தார்களா என்று கேட்டார். அந்த அக்காவின் போனிலேயே ஆறு படங்கள் இருந்தன, மரம் கூரைமேல் கிடக்கிறபடி. எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். ஏன் அப்புறப்படுத்தினீர்கள் என்று வீடு யார் பெயரில் இருக்கிறதோ அவர் ஒரு கடிதம் தர வேண்டும், அது இருந்தால் உடைந்த ஓடுகளையும் கணக்கில் சேர்த்தே எழுதிவிடுவதாகச் சொன்னார்.

மனைவியால் பேனா பிடித்து எழுத முடியவில்லை. அவளுக்காக நான் எழுதினேன்: எதையும் தொடக் கூடாது என்று சொல்லியிருந்தது என் கணவருக்குத் தெரியும், என்னிடம் அவர் சொல்லவில்லை, நான் தெரியாமல் சுத்தம் செய்தேன்.

அவள் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "இப்படியெல்லாம் எழுதோணுங்களா?"

"நடந்தது அதுதானே. கையெழுத்துப் போடு."

கட்டுப் போட்ட கையால் கோணல்மாணலாகப் போட்டாள். சர்வேயர் அதைப் பார்த்தார், கையையும் பார்த்தார், மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மறுநாள் ஆடி முதல் தேதி. ஐந்து மணிக்கு எழுந்ததும் முதல் வேலையாக அவளை நாற்காலியில் உட்காரவைத்துத் தலை வாரினேன். ஒரு கையால் அவளால் பின்ன முடியாது. மூன்று பிரியும் சமமாக வரவில்லை, பின்னல் இடப்பக்கம் கோணியது. அவிழ்த்து, மறுபடி பின்னினேன்.